பழக்கன்று நாற்றுக்கு இயற்கைக் கலவை: கடலூர், புதுவைப் பக்கம் எது சரிப்படுகிறது?

தென்பெண்ணைக்கரை

வணக்கம். நெல்லிக்குப்பம் தாண்டி ஆற்றோரமாக எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அதில் எலுமிச்சை, பப்பாளி, பலா, வரப்போரம் சீத்தா என்று கலந்து வைக்கலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. கன்றுகளை வெளியில் வாங்காமல் நாமே விதை போட்டு எடுப்போம், அதையும் ரசாயனம் எதுவும் இல்லாமல் எடுப்போம் என்று ஆரம்பித்திருக்கிறேன். கடையில் கிடைத்த கோகோபீட் (தென்னை நார்த்தூள்) கட்டியை ஊறவைத்து மண்புழு உரம் கலந்து பைகளில் நிரப்பி எலுமிச்சை விதை போட்டேன். முளைப்பு நன்றாகவே வந்தது. நாலு இலை விட்ட பிறகு வளர்ச்சி அப்படியே நின்றுவிட்டது. இலை முழுக்க வெளிறி இருக்கிறது, சிலவற்றில் நுனி மட்டும் தீய்ந்த மாதிரி பழுப்பாக இருக்கிறது. அதே வாரம் பக்கத்து வீட்டு அக்கா வெறும் செம்மண்ணும் எருவும் கலந்து போட்ட விதை கரும்பச்சையாக நிற்கிறது. பஞ்சகவ்யா தெளித்தேன், பெரிய மாற்றம் இல்லை.

கோகோபீட்டே பழக்கன்றுக்கு ஆகாதா? கரும்பு ஆலை பிரஸ்மட் (சாறு வடிகட்டியபின் மிஞ்சும் கசடு), உமி, சவுக்குச் சருகு, மல்லாட்டைத் (வேர்க்கடலை) தோல் எல்லாம் எங்கள் பக்கம் சுலபமாகக் கிடைக்கும். இவற்றை வைத்து எப்படிக் கலப்பது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாகூர் ஏரிக்கரை

நுனி தீய்ந்திருக்கிறது என்றீர்களே, முதலில் அதைக் கவனியுங்கள். அது உப்பு. இலை வெளிறுவது வேறு சங்கதி, அதை அப்புறம் பார்ப்போம்.

தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் குளோரைடும் அதிகம். மட்டையை உவர்த் தண்ணீரில் ஊறப்போட்டு நார் எடுத்திருந்தால் சோடியமும் சேர்ந்துகொள்ளும். எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி எல்லாம் குளோரைடைத் தாங்காத குடும்பம். மாவும் தாங்காது. சப்போட்டா ஓரளவு தாங்கும். அதனால்தான் ஒரே தூளில் ஒருவருக்கு சப்போட்டா ஜம்மென்று வரும், இன்னொருவருக்கு எலுமிச்சை கருகும், இரண்டு பேரும் நேர் எதிராகச் சொல்வார்கள்.

நல்ல கழுவிய தூள் என்றால் ஈ.சி., அதாவது உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன், 0.5-க்குக் கீழே இருக்க வேண்டும். வீட்டுக் குடிதண்ணீர் பார்க்கிற டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் போதும். ஊறிய தூளைக் கையால் பிழிந்து அந்தத் தண்ணீரில் மீட்டரை வையுங்கள். ஊறவைக்கப் பயன்படுத்திய தண்ணீரையும் தனியாகப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தூளிலிருந்து வந்த உப்பு. சாதாரண மீட்டரில் 500 என்று காட்டினால் ஈ.சி. கிட்டத்தட்ட 1.

கழுவுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. தூளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெறும் தண்ணீருக்கு முழுசாக இறங்காது. கால்சியம் போய் அந்த இடத்தைப் பிடித்தால்தான் அவை விடும். பெரிய நர்சரிகளில் இதற்குக் கால்சியம் நைட்ரேட் ஊற்றுகிறார்கள், இயற்கை முறையில் அது கூடாது. நம் ஊரில் மல்லாட்டைக்குப் போடுகிற ஜிப்சம் இருக்கிறதே, அது மண்ணிலிருந்து வெட்டி எடுக்கிற கனிமம், இயற்கை வேளாண்மைக்கு அனுமதி உண்டு. 5 கிலோ கட்டி ஊறும் தண்ணீரில் ஒரு கைப்பிடி கரைத்து, ஒரு ராத்திரி வைத்து, வடித்துவிட்டு, நல்ல தண்ணீர் விட்டு இரண்டு முறை அலசுங்கள். ஜிப்சமே கரைந்து மீட்டரை ஏற்றிக் காட்டும், அதனால் கடைசி அலசலைத் தவிர்க்க வேண்டாம்.

உங்கள் போர் தண்ணீர் எப்படி? கடலோரமாக உப்புத் தண்ணீர் என்றால் அதில் எத்தனை முறை கழுவினாலும் பிரயோஜனம் இல்லை. எங்கள் பக்கம் சிலர் தூளை ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளியில் கொட்டி வைத்துவிடுகிறார்கள். அதைவிட நல்ல கழுவல் கிடையாது.

தென்பெண்ணைக்கரை

பிழிந்து பார்த்தேன் அண்ணா. போர் தண்ணீர் 420, பிழிந்த தண்ணீர் 1,700-க்கு மேல். உறையில் ஈ.சி. பற்றி ஒன்றுமே போடவில்லை. இப்போது பையில் நிற்கிற நாற்றுகளை என்ன செய்வது?

பாகூர் ஏரிக்கரை

பிடுங்க வேண்டாம். பையின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீர் எடுத்துக்கொண்டு, மெதுவாக, அடித்துளையில் ஒழுகி வெளியே போகும்படி ஊற்றுங்கள். ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி. கீழே ஒழுகுகிற தண்ணீரைப் பிடித்து மீட்டரில் பாருங்கள், 700, 800-க்கு வந்தால் நிறுத்திவிடலாம். பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம் இரண்டையும் அதுவரை தொடவே வேண்டாம், அவற்றிலும் உப்பு இருக்கிறது. மண்புழு உரத்தின் சத்தும் கொஞ்சம் சேர்ந்து அடித்துப் போகும், அதை மேலாகப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

வில்லியனூர் மாடித்தோட்டம்

இலை வெளிறியதைப் பற்றி நான் சொல்கிறேன். மக்காத நார்த்தூளில் கரிமமும் தழைச்சத்தும் 112-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். இவ்வளவு கரிமத்தைத் தின்று மக்கவைக்கிற நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும், அதைக் கலவையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். செடி பட்டினி கிடக்கும். நீங்கள் போட்ட மண்புழு உரத்தில் பாதி அந்த நுண்ணுயிர்களுக்கே போயிருக்கும் என்பது என் கணிப்பு.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு முறை சொல்லி ரொம்பக் காலமாகப் பழக்கத்தில் இருக்கிறது. ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்து 5 புட்டியும் அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காயாமல் வைத்தால் சுமார் 60 நாளில் அந்த விகிதம் 24-க்கு 1 என்று இறங்கிவிடும். தூள் செம்பழுப்பிலிருந்து கறுப்பாக மாறும். இயற்கை முறைக்கு யூரியாவுக்குப் பதில் டன்னுக்கு 200 கிலோ கோழி எரு போடலாம் என்றும் அவர்களே சொல்கிறார்கள். நாரைக் கெட்டியாக வைத்திருக்கிற லிக்னின் என்ற பொருளைக் காளான் உடைக்கும், சாதாரண பாக்டீரியாவால் அது சுலபத்தில் முடியாது. நான் காளான் வளர்ப்பவர்களிடம் அறுவடை முடிந்த வைக்கோல் படுகையை வாங்கிவந்து தூளோடு பிசறி வைக்கிறேன், அதில் பூசணம் உயிரோடுதான் இருக்கிறது, வேலை செய்கிறது.

அதனால் "கோகோபீட் ஆகாது" என்று ஒதுக்கிவிடாதீர்கள். கழுவி, மக்கவைத்த தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடிக்கும், அதே நேரம் காற்றும் வைத்திருக்கும். வெளிநாட்டில் இந்த வேலைக்குப் பீட் பாசி வெட்டுகிறார்கள். அது சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருஷமாகச் சேர்ந்த கரிமம், வெட்டினால் திரும்ப வராது. நம்மிடம் தென்னை இருக்கும்போது அதைக் கப்பலில் வரவழைக்க வேண்டிய அவசியமே இல்லை.

பண்ருட்டிச் செம்மண்

தம்பி சொல்வதெல்லாம் சரி, ஆனால் பழமரத்துக்கு மண்ணே இல்லாத கலவை எதற்கு என்பதுதான் என் கேள்வி. மிளகாய், தக்காளிக் குழித்தட்டுக்கு அது பொருந்தும், நாற்று மூன்று, நாலு வாரத்தில் வயலுக்குப் போய்விடும். பலாவும் முந்திரியும் அப்படி இல்லை. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய எரு ஒன்று. எங்கள் பக்கம் பை நிரப்புகிறவர்கள் தலைமுறையாக இதைத்தான் கலக்கிறார்கள், இதில்தான் பண்ருட்டிப் பலா ஊர் ஊராகப் போனது.

மண்ணில்லாத பையில் வளர்ந்த கன்றைக் கோடையில் செம்மண்ணில் வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள மண் நைசாக இருக்கும், நார்த்தூள் உருண்டை பொறபொறவென்று இருக்கும். உருண்டையிலுள்ள ஈரத்தை வெளிமண் இழுத்துக்கொள்ளும். மேலே பார்த்தால் குழி ஈரமாகத் தெரியும், உள்ளே வேர் காய்ந்துகொண்டிருக்கும். நார்த்தூள் முழுசாகக் காய்ந்துவிட்டால் மறுபடி நனைவது கஷ்டம், தண்ணீர் பக்கவாட்டில் ஓடிவிடும். ஆள் கிடைக்காத காலத்தில் தினம் ஒரு குடம் யார் ஊற்றுவது?

வில்லியனூர் மாடித்தோட்டம்

ஐயா, அந்த இடத்தில் ஒத்துக்கொள்கிறேன், நட்ட முதல் சில வாரம் தண்ணீரைத் தண்டை ஒட்டி, அந்த உருண்டை மேலேயே விடவேண்டும். ஆனால் மண் பை எவ்வளவு கனம் என்று பாருங்கள். மாடியிலோ, டூவீலரில் ஏற்றிப் போகிறவருக்கோ அது ஆகாது. அப்புறம் எல்லாச் செம்மண்ணும் பண்ருட்டிச் செம்மண் இல்லை. களி கலந்த மண் பையில் தண்ணீர் ஊற்ற ஊற்ற இறுகி, மேலே பாளம் கட்டிவிடுகிறது.

விருத்தாசலம் முந்திரிக்காடு

மண் என்றால் இன்னொன்றையும் பேசியாக வேண்டும், வேரைத் தாக்குகிற, கண்ணுக்குத் தெரியாத நூற்புழு. கொய்யா வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். வேரில் மணி மணியாக முடிச்சு, இலை சிவந்து சிறுத்து, நல்லாயிருந்த தோப்பு மெல்ல மெல்லக் காய்ந்து போகும். கொய்யாவில் இந்தப் பக்கம் பரவியிருக்கிற வகை மிக மோசமானது, அது தோப்புக்குள் நடந்து வருவதில்லை, பையிலுள்ள மண்ணோடுதான் வருகிறது. பப்பாளிக்கும் இதே கதை. கன்று வாங்கும்போது ஒரு பையைக் கிழித்து வேரைப் பார்க்க விடாத இடத்தில் நான் கன்று எடுப்பதே இல்லை.

நாமே மண் கலக்கும்போது சித்திரை, வைகாசி வெயிலைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். மண்ணை நனைத்து, ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் மூடி, ஓரம் முழுக்க மண் அணைத்து, நாலிலிருந்து ஆறு வாரம் விடுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம், அதில் தாள்தான் சூடாகும், மண் அவ்வளவு சூடாகாது. காய்ந்த மண்ணை மூடினாலும் பலன் குறைவு, ஈரம்தான் சூட்டை உள்ளே கொண்டுபோகும். நூற்புழுவும் நாற்றழுகல் பூசணமும், கோரையைத் தவிர மற்றக் களை விதைகளும் பெரும்பாலும் அடங்கிவிடும். இதெல்லாம் முடிந்து மண் ஆறிய பிறகுதான் டிரைக்கோடெர்மா என்கிற நன்மை செய்யும் பூசணம். முன்னால் போட்டால் அதுவும் வெந்துபோகும்.

டிரைக்கோடெர்மாவைப் பாக்கெட்டோடு பையில் தூவுவதில் அர்த்தமில்லை. 100 கிலோ மக்கிய எருவுக்கு 1 கிலோ என்று கலந்து, கூட வேப்பம் புண்ணாக்கும் கொஞ்சம் பிசறி, நிழலில் குவித்து, ஈரச்சாக்கு போட்டு மூடி, ஒன்றிரண்டு வாரம் விட்டால் குவியல் முழுக்கப் பச்சையாகப் பூத்துவிடும். அந்த எருவைத்தான் கலவையில் சேர்க்க வேண்டும். பப்பாளி நாற்று தரையோடு ஒடிந்து சாய்வதற்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்க்கவில்லை.

எருவைச் சலிக்கும்போது கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப்புழு சுருண்டு கிடந்தால் எடுத்துக் கோழிக்குப் போடுங்கள். காண்டாமிருக வண்டின் புழு, பக்கத்தில் தென்னை இருந்தால் விடவே கூடாது.

காலாப்பட்டு சவுக்குத்தோப்பு

சவுக்குச் சருகு பற்றி யாரும் சொல்லவில்லையே. கடலோரம் முழுக்கச் சவுக்குதான் எங்களுக்கு. ஊசிச் சருகு சுலபத்தில் மக்காது, பச்சையாகக் கலந்தால் வில்லியனூர் நண்பர் சொன்ன தழைச்சத்துப் பிரச்சினை வரும். சாணிப்பால் தெளித்து, மல்லாட்டைக் கொடி, கொளுஞ்சி மாதிரி ஏதாவது பச்சையோடு அடுக்கி, ஒரு மழைக்காலம் முழுக்க விட்டுவிடுவோம். அதன் பிறகும் முழுசாகத் தூளாகாது, ஒரு அரை அங்குலத் துண்டுகளாக நிற்கும். அதுதான் நல்லது. அந்தத் துண்டுகள் பைக்குள் காற்றுக்கு வழி வைக்கும். முந்திரிச் சருகில் துவர்ப்பு அதிகம், அதை நாற்றுக் கலவையில் நான் சேர்ப்பதில்லை, மரத்தடி மூடாக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

காற்று என்றதும் ஒன்று. நிறையப் பேர் பையின் அடியில் ஓட்டுச் சில்லு, ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்று நினைக்கிறார்கள். வடியாது. நைசான கலவைக்குக் கீழே பெரிய கல் இருந்தால், மேலே உள்ளது முழுக்க நனைந்து ததும்பும் வரை தண்ணீர் கல்லுக்குள் இறங்காது. ஆக, ஈரம் தேங்கும் பகுதி அப்படியே மேலே ஏறிவிடுகிறது, வேருக்கு இருக்கும் இடம்தான் குறைகிறது. பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை முழுக்க நனைத்துப் படுக்கவைத்துப் பிடியுங்கள், சொட்டு நிற்கட்டும். இப்போது அதைச் செங்குத்தாக நிமிர்த்துங்கள், மறுபடி தண்ணீர் ஒழுகும். பையும் அப்படித்தான். உயரமான பையில் மேல்பாதிக்குக் காற்று கிடைக்கும், குட்டையான பையில் அடி முதல் மேல்வரை சொதசொதவென்று இருக்கும். மழைக்காலத்தில் நாற்று அழுகுவதற்குக் கலவையைவிடப் பையின் உயரம் காரணமாக இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பண்ருட்டிச் செம்மண்

நல்ல விளக்கம். பலாவுக்கு உயரமான பை இன்னொரு காரணத்துக்கும் வேண்டும். ஆணிவேர் மடமடவென்று இறங்கும், அடியில் முட்டினால் சுருளும். பையில் சுருண்ட வேர் மரமான பிறகும் சுருண்டேதான் இருக்கும். 2011 டிசம்பர் 30 தானே புயலில் நம் மாவட்டத்துப் பலாவும் முந்திரியும் எப்படிப் படுத்தன என்று பார்த்தவர்கள் நாம். காற்றடிக்கிற ஊரில் வேர் நேராக இறங்குவது முதல் தேவை, இலை பசுமை அப்புறம்தான். பையைத் தரையில் வைக்காமல் செங்கல் மேலோ கம்பி வலை மேலோ தூக்கி வையுங்கள். துளையில் எட்டிப் பார்க்கும் வேர் நுனி காற்று பட்டுக் காய்ந்து நின்றுவிடும், உள்ளே பக்கவேர் கிளைக்கும். தரையில் வைத்தால் வேர் மண்ணுக்குள் போய்விடும், தூக்கும்போது அறுந்து கன்று வாடும்.

பலாக் கொட்டையைக் காயவைத்து எடுத்து வைக்கிற பழக்கமும் வேண்டாம். சுளை தின்ற கையோடு கழுவி நேராகப் பையிலேயே ஊன்ற வேண்டும், காய்ந்தால் உயிர் போய்விடும். முந்திரிக் கொட்டை அப்படியில்லை, காயவைக்கலாம், தண்ணீரில் போட்டு மூழ்குவதை மட்டும் எடுத்து, காம்பு ஒட்டியிருந்த பக்கம் மேலே பார்க்கும்படி ஊன்ற வேண்டும்.

தென்பெண்ணைக்கரை

எல்லாருக்கும் நன்றி. ஊற்றி வடித்ததில் கீழே ஒழுகும் தண்ணீர் 750-க்கு வந்துவிட்டது, இப்போது வருகிற துளிர் நல்ல பச்சையாக இருக்கிறது. தீய்ந்த பழைய இலை அப்படியேதான் இருக்கிறது.

இனிமேல் போடப்போகும் பைகளுக்கு இப்படி நினைத்திருக்கிறேன்: பலாவுக்கு ஐயா சொன்ன செம்மண், மணல், எரு. எலுமிச்சைக்கும் பப்பாளிக்கும் வெயிலில் மூடிவைத்த செம்மண் ஒரு பங்கு, கழுவி மக்கிய நார்த்தூள் ஒரு பங்கு, டிரைக்கோடெர்மா ஏற்றிய எரு அரைப் பங்கு, காற்றுக்காகக் கருக்கிய உமி அரைப் பங்கு. பிரஸ்மட் சேர்க்கலாமா? அப்புறம் நெய்வேலிச் சாம்பல் கலந்தால் மண் இளகும் என்று ஊரில் ஒருவர் சொல்கிறார், அதையும் கேட்டுக்கொள்கிறேன்.

விருத்தாசலம் முந்திரிக்காடு

சாம்பல் வேண்டவே வேண்டாம். நிலக்கரிச் சாம்பலில் கன உலோகங்கள் இருக்கும், காரத்தன்மையும் உண்டு. இயற்கை முறை என்று சொல்லிக்கொண்டு அதைக் கலப்பதில் நியாயமில்லை.

உமியிலும் கவனம். கருக்கிய உமி என்பது உருக்குலையாமல் கறுப்பாக இருப்பது. அரிசி ஆலைக் கொதிகலனிலிருந்து வரும் சாம்பலில் பெரும்பகுதி வெளுத்துப் பொடியாகியிருக்கும், அது பி.எச்.சை, அதாவது காரத்தன்மையை, ஏற்றிவிடும். எலுமிச்சைக்கு 5.5-இலிருந்து 6.5 வரை இருந்தால் நல்லது. ஏறினால் இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் எடுக்க முடியாமல், நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் துளிர் வரும். கறுப்பாக இருப்பதைச் சலித்து எடுத்து ஒருமுறை தண்ணீரில் அலசிப் போடுங்கள்.

பாகூர் ஏரிக்கரை

பிரஸ்மட் நல்ல சரக்குதான், மணிச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் நிறைய. ஆனால் ஆலையிலிருந்து வந்த சூட்டோடு கலந்தால் நாற்று வெந்துவிடும். உள்ளே மெழுகும் கொஞ்சம் சர்க்கரையும் இருக்கிறது, மாதக்கணக்கில் புரட்டிப் புரட்டி மக்கவைத்து, குவியலுக்குள் கையை விட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், புளித்த வாடை போய் மண்வாசனை வரவேண்டும். அப்போதும் மொத்தக் கலவையில் கால் பங்குக்கு மேல் வேண்டாம், எலுமிச்சைக்கு அதிலும் பாதி போதும்.

எந்தக் கலவையானாலும் எல்லாப் பையையும் நிரப்புவதற்கு முன் ஒரு சின்ன சோதனை. இரண்டு தொட்டியில் அந்தக் கலவையையும், இன்னொன்றில் நல்ல தோட்டத்து மண்ணையும் போட்டு, மூன்றிலும் பச்சைப்பயறும் முளைக்கீரையும் தூவுங்கள். பயறு மக்காத சரக்கிலும் முளைத்துவிடும், ஆனால் வேர் நுனி பழுப்பாக, குட்டையாக இருக்கும், பிடுங்கிப் பாருங்கள். கீரை விதை ரொம்பச் சின்னது, உப்பு இருந்தால் முளைக்கவே தயங்கும். இரண்டும் தோட்டத்து மண்ணுக்குச் சமமாக வந்தால் தைரியமாக நிரப்பலாம்.

காலாப்பட்டு சவுக்குத்தோப்பு

கூடவே கையால் பிடித்தும் பாருங்கள். ஈரக் கலவையை இறுக்கிப் பிடித்தால் உருண்டை நிற்கணும், விரலால் தட்டினால் உதிரணும். தண்ணீர் ஒழுகினால் நார்த்தூள் அதிகம், உருண்டை உடையாமல் நின்றால் களி அதிகம்.

தென்பெண்ணைக்கரை

பயறும் கீரையும் இன்றைக்கே போட்டுவிடுகிறேன். பப்பாளிக்கு மட்டும் ஒரு கேள்வி, விதையை நேராகப் பையில் போடலாமா, பாத்தியில் போட்டு எடுத்து நடணுமா?

விருத்தாசலம் முந்திரிக்காடு

நேராகப் பையில், மூன்று நாலு விதை. பழத்திலிருந்து எடுத்த விதை என்றால் மேலே உள்ள வழவழப்பான உறையைச் சாம்பலோ மணலோ போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுங்கள், அது இருந்தால் முளைப்பு தடைபடும். பிடுங்கி நட்டால் பப்பாளி வேர் மனசு வைக்காது. ஒன்றரை, இரண்டு மாதத்தில் நிலத்துக்குப் போய்விட வேண்டும், அதற்கு முந்தின பத்து நாள் நிழல்வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி வெயிலுக்குப் பழக்குங்கள். தண்ணீர் தேங்குகிற ஆற்றோர நிலம் என்பதால் மேடு அணைத்து நடுங்கள், பப்பாளி ஒரு நாள் தேங்கிய தண்ணீரைக்கூடத் தாங்காது.